மூட்டுவலி

ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன், எதிர்ச் சாரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்த ரேடியோ அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

அவள் முதலில் அவன் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தாள். அது எந்த நோய்க்கான பிரிவு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அடுத்து அவன் கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்தாள். பிறகு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

ஒன்றுமே கேட்கவில்லை. அதற்கு அவள் நாலு கேள்வி கேட்டிருந்தாலே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவன் என்பதால் அவனுக்கு மடிப்பு என்று பெயர். அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் யாரோ, யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும். இஸ்திரிக்காரர் தலைக்குச் சாயம் பூசுவது, டிரைவரின் மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனது, சூப்பர்வைசர் தூக்கத்தில் அழுவது எல்லாம் ஊழியர் விடுதி முழுக்கத் தெரிந்தது அவள் புண்ணியத்தில்தான். தன் மூட்டுவலியைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. தினமும் நொண்டிக்கொண்டே சாப்பாட்டு மேஜைக்கு வருவாள். எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறந்து, "பாழாப்போன முட்டி" என்று திட்டிக்கொண்டே ஒரு மாத்திரையை வாயில் போடுவாள்.

மடிப்புக்குக் குடியிருப்பு அட்டை கிடைத்துச் சில நாள்தான் ஆகிறது. இதற்கு முன்பு வேலை பார்த்த நாட்டில், ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்ததும் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். விமானம் ஏற்றுவதற்குள்ளேயே அறைக்காரர்கள் அவன் தட்டையும் தம்ளரையும் வாசலுக்கு வெளியே வைத்திருந்தார்கள்.

இந்த நாட்டுச் சட்டம் வேறு. அதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அட்டை இருந்தால் வைத்தியமும் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீரப்போகிற சமயத்தில் அட்டை கைக்கு வந்தது. இன்று டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, கிருமி கண்ணில் படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, விடாமல் மருந்து போட்டால் கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம் என்று சிரித்தார். ஊர் மாத்திரைக்குப் பதில் இங்கே கொடுக்கிற புது மாத்திரையை எழுதித் தந்தார். ஊதா நிறம், விரல் நகம்போல நீளம்.

அந்தச் சந்தோஷம் கதவுக்கு வெளியே வருகிற வரைக்கும்தான் இருந்தது.

சட்டம் அனுப்பாது. சாப்பாட்டு மேஜை அனுப்பிவிடுமே.

விடுதி மாடிப்படியின் வளைவில் நின்று, பெயர் ஒட்டிய புட்டியிலிருந்து மாத்திரைகளைப் பழைய வைட்டமின் டப்பாவுக்கு மாற்றினான். எங்கே போனாலும் முதலில் செய்கிற வேலை அது. பெயர்ச் சீட்டைக் கிழித்துப் புட்டியைக் குப்பையில் போட்ட அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டான்.

மேஜையில் எல்லாரும் இருந்தார்கள். அவன் உட்கார்ந்ததும் சட்டைப்பை கடகடவென்றது.

"என்னப்பா, பையில கிலுகிலுப்பையா?" என்றார் டிரைவர்.

"மாத்திரை" என்று வாய் முந்திக்கொண்டது.

எதற்கு மாத்திரை என்று டிரைவர் கேட்டார். இஸ்திரிக்காரர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து ரேடியோ அக்கா தொண்டையைக் கனைத்தாள். அவள் கனைத்தால் செய்தி ஆரம்பம் என்று எல்லாருக்கும் தெரியும்.

"என்னைக் கேளுங்க, நான் சொல்றேன். இன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நானே பாத்தேன்."

மடிப்பு தன் தட்டையும் தம்ளரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"இவனுக்கும் மூட்டுவலி" என்றாள். "நாள் பூரா நின்னே மடிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்? ஏன் சூப்பர்வைசர் சார், பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் போட்டா ஹோட்டல் முழுகிடுமா?"

சூப்பர்வைசர் நாளைக்கே போடுவதாக ஒப்புக்கொண்டார். டிரைவர் தன் முட்டியைப் பற்றி ஆரம்பித்தார். இஸ்திரிக்காரர் தன் இடுப்பைப் பற்றி. மடிப்பு என்ன சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

தட்டு கழுவுகிற இடத்தில் இருவரும் தனியானார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தவன் கையில் அவள் கொஞ்சம் பஞ்சைத் திணித்தாள்.

"டப்பாவுல வை, சத்தம் வராது. ஆரம்பத்துல நான் பண்ணின தப்பைத்தான் நீயும் பண்றே."

அவனுக்குப் புரியவில்லை. அவள் தன் மூட்டுவலி டப்பாவைத் திறந்து, மேலே இருந்த பஞ்சை விலக்கிக் காட்டினாள்.

ஊதா நிறம். விரல் நகம்போல நீளம்.

அவன் தன் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"எவ்வளவு காலமாக்கா?"

"மருந்து போட ஆரம்பிச்சப்போ என் பொண்ணு தவழ்ந்துக்கிட்டிருந்தா. போன மாசம் ஊருக்குப் போய் அவ கல்யாணத்தை முடிச்சிட்டு வந்தேன்."

"இத்தனை நாளா யாருக்குமே தெரியாதா?"

"ஊர்க்கதையை நாம ஓயாம பேசிக்கிட்டிருந்தா, நம்ம கதையைக் கேக்க எவனுக்குடா நேரம் இருக்கு?"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தவள், சாப்பாட்டு அறைக் கதவு வந்ததும் நினைவு வந்தவள்போல நொண்ட ஆரம்பித்தாள்.

பின்னாலேயே போன மடிப்பும், சிரிப்பை அடக்கிக்கொண்டு, நன்றாகவே நொண்டினான்.