அழுதால் நிறுத்திவிடுவோம்

அவள் கண்ணைத் துடைப்பதற்குள் அவர் ரெக்கார்டரை அணைத்துவிட்டார்.

"அழுவல தம்பி. தூசி. நீங்க போடுங்க."

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர். மில்லில் செத்துப்போன பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறார். நல்ல மாதிரி. அவரே தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தார்.

"எங்க கமிட்டி விதிம்மா. பதில் சொல்றவங்க மனசு நோகக் கூடாது. அழுதா நிறுத்திடணும். இது ரெண்டாவது தடவை. இன்னொரு தடவை அழுதீங்கன்னா உங்க பேட்டியையே சேர்க்க முடியாது."

சேர்க்க முடியாது.

போலீஸ் ஸ்டேஷனில் மகள் சாவுக்கு வயிற்றுவலி என்று எழுதிக்கொண்டார்கள். மில்காரர்கள் நீட்டிய தாளிலும் வயிற்றுவலிதான். ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் வீடு தேடி வந்து, என்ன நடந்தது என்று கேட்கிறார்.

"போடுங்க தம்பி."

சிவப்பு விளக்கு எரிந்தது.

பக்கத்து வீட்டில் நடந்ததைப்போலச் சொன்னாள். பூங்கோதை என்று மகள் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொன்னால் தாங்காது. அந்தப் பிள்ளை என்றாள். அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது. மில் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பில் யாருடைய சுடிதாரோ. குளிப்பாட்டும்போது பார்த்தால், கழுத்தில் விரல் தடம்.

ஐந்து விரலும்.

"அதப் பாத்ததும் உங்களுக்கு எப்படி இருந்துச்சும்மா?"

அவள் கூரையில் ஊர்ந்த சிலந்தியைப் பார்த்தாள்.

"தண்ணி பத்தல. இன்னொரு கொடம் கொண்டாரச் சொன்னேன்."

விதிப்படி, எழுதியதை வாசித்துக் காட்டினார்.

கடைசி வரி: 'மகளின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது பதிலளித்தவர் இயல்பாக இருந்தார். மனவருத்தம் எதுவும் தென்படவில்லை.'

"சரியாம்மா?"

"சரி."

கையெழுத்துப் போட்டாள்.

அவர் பையை மூடினார். "அடுத்து மாரீஸ்வரி அம்மா வீடு. எந்தத் தெரும்மா?"

மாரீஸ்வரியின் மகளும் அதே மில்தான். புதைத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

"உக்காருங்க தம்பி. டீ போடுறேன்."

அடுப்பில் பாலை வைத்தாள். பின்வாசல் வழியாக இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

மாரீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்த ஈரக் கைகளை இவள் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஆளு வருவாரு. உம்மவளப் பத்திக் கேப்பாரு. நல்லவருதான்."

மூச்சு வாங்கியது.

"அழுதுறாதடி."

மகள் என்றதுமே மாரீஸ்வரியின் வாய் கோணிவிட்டிருந்தது.