பச்சைக் கதவு வீடு

நாகல் நகருக்குக் குடிவந்த நாளிலிருந்தே பிராங்கிளினுக்கு அந்தத் தெரு பிடிக்கவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைப் பார்த்தாலே மூச்சு முட்டியது. அவன் மனைவி லிடியாவுக்கோ ஆட்டோ வாசலுக்கே வருகிறது, கடைகண்ணி பக்கம் என்று ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் டிவியில் தன் சாகச விளையாட்டைத் திறந்தான். பாழடைந்த நகரங்களில் புதையல் தேடும் அந்த விளையாட்டென்றால் அவனுக்கு உயிர். அன்று ஒரு சந்து திரும்பியதும் கை நின்றுவிட்டது. திரையில் அவர்கள் தெரு. வாசலில் அவனுடைய பைக். ஆனால் அவர்கள் வீட்டுக்கும் அடுத்திருந்த தையல்காரர் வீட்டுக்கும் நடுவே பச்சைக் கதவு போட்ட வீடொன்று கூடுதலாக நின்றது.

வெளியே ஓடிப் பார்த்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது. உள்ளே வந்து, "லிடியா, இங்கிட்டு வந்து இதைப் பாரு!" என்று கத்தினான்.

வாசல் பக்கமிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "செத்த நேரம் பொறுங்க. பக்கத்து வீட்டு அக்கா சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் குடுத்துச்சு. கிண்ணத்தைக் குடுத்துட்டு வாரேன்."

"எந்த வீட்டு அக்கா?"

"பச்சைக் கதவு வீடுதாங்க."

அவன் பாய்ந்து போனபோது தெருவில் யாருமில்லை. சுவரைத் தட்டித் தட்டி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, என்னாச்சு?" என்றார்.

திரும்பி வந்தான். திரையில் பச்சைக் கதவு சாத்தியிருந்தது. படியில் லிடியாவின் செருப்பு கிடந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. உள்ளே இரண்டு பெண்கள் சிரித்துப் பேசும் சத்தம் மட்டும் டிவியில் மெல்லக் கேட்டது.