மஜ்ஜை கொடுக்க வந்தவள்

“துரோகி! தம்பியா அவன்? இனிமே எபி என் வாசப்படிய மிதிக்கட்டும், பேசிக்கிறேன்!” ஜோசலின் போனைக் கைப்பைக்குள் எறிந்தாள்.

தாம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் அவள் கணவர் அசரியாவுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையைத் தேடிப் போய் எரிக்கும் கதிர்மருந்தை ஊசியில் ஏற்றி, தனி அறையில் வைத்து ஒரு வாரமாகிறது. இனி வேறொருவர் மஜ்ஜையிலிருந்து எடுத்த புது ஸ்டெம் செல் ஏறினால்தான் ஆள் பிழைப்பார்.

அதைக் கொடுக்க வேண்டிய எபி, “பயமா இருக்கு அண்ணி, என்னை விட்டுடுங்க” என்கிறான். அயோக்கியன்! ஊசி போடும் முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே?

டாக்டர் ஸ்ரீநிவாசன் உதட்டைப் பிதுக்கினார். “பாதி பொருந்தினாலும் போதும் மேடம். சாரோட அப்பா அம்மா இருந்தா கண்டிப்பா பாதி பொருந்தும்.”

“ரெண்டு பேரும் கர்த்தர்கிட்ட போயிட்டாங்களே டாக்டர்!”

அறைக்குள் போக அனுமதியில்லை. போனில் அசரியாவிடம் அழுது தீர்த்தாள்.

“கோவளத்துல அஞ்சலின்னு ஒரு பொண்ணு, என் ஸ்டூடன்ட். அவளைக் கூப்பிடு. வெளி லேப்ல ஏற்கனவே டெஸ்ட் எடுத்தாச்சு, பாதி பொருந்துது” என்றார் கடைசியில்.

மறுநாள் காலையிலேயே அஞ்சலி வந்து நின்றாள். இருபது வயது. அம்மா மீன் விற்கிறவளாம்.

ஜோசலின் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். “கூடப் பொறந்தவனே கழுத்தறுத்துட்டான். நீ யாரு பெத்த பிள்ளையோ! எனக்குன்னு ஒரு பொண்ணு இருந்திருந்தா உன்ன மாதிரிதான் இருந்திருப்பா.”

“அழுவாதீங்க மேடம். அவரு பொயச்சிப்பாரு.” அஞ்சலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நர்ஸ் கீதா படிவத்தோடு வந்தாள். “அஞ்சலி, பேஷன்ட்டுக்கு நீங்க என்ன உறவு?”

“ஸ்டூடன்ட்டுன்னு போடுங்க சிஸ்டர்.” ஜோசலின் முந்திக்கொண்டாள். “ரத்த சொந்தம்தான் ஓடிப்போச்சே. இவ கர்த்தர் அனுப்பின பிள்ளை.”

“அவங்களே சொல்லட்டும் மேடம். இதுல தப்பா எழுதினா எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. சாருக்கு அவ்வளவு நாள் தாங்காது.”

அஞ்சலி தனி அறையின் கதவை ஒரு தரம் பார்த்தாள். தன் தோளில் கிடந்த ஜோசலினின் கையை மெல்ல விலக்கினாள்.

“மகள்னு எழுதுங்கக்கா.”