அவள் காதுக்கு மட்டும்

முன்னிசை இரண்டாவது முறையும் முடிந்தது. ஸ்ரீஜா வாய் திறக்கவில்லை.

வெள்ளவத்தை மண்டபம் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டியது. கண்களை மூடி, இடது காதில் ஒரு விரலை வைத்து, அசையாமல் நிற்பது அவளுடைய அடையாளம். பிரார்த்தனை செய்கிறாள் என்று பத்திரிகைகள் எழுதும். வாசலில் தொங்கிய பதாகையிலும் அதே படம்தான். கீழே, 'இலண்டனில் பிறந்த குரல்'.

மேடை ஓரத்தில் மிக்ஸருக்குப் பின்னால் நின்ற நப்ரீஸுக்கு அது பிரார்த்தனையாகத் தெரியவில்லை. அவளுடைய தோள்கள் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தன.

மெனேஜர் விக்ரமன் குனிந்தபடி ஓடி வந்தார்.

"என்ன தம்பி செஞ்சீங்க? ஏன் இப்பிடி நிக்கிறா?"

"நான் ஒண்டும் செய்யல்ல அண்ணன். எல்லாம் கிளியராத்தான் போவுது."

போன மாதம், வேறொருவர் வேன் ஓட்டி வந்த நாளில், இப்படி நின்றுவிட்டு அவள் பாடாமலே இறங்கிப் போனபோது, தொண்டை வலி என்று அறிக்கை விட்டார்கள். இன்னொரு தொண்டை வலியை யாரும் நம்பப்போவதில்லை. இன்று இறங்கினால் இனி எந்த மேடையிலும் ஏறமாட்டாள் என்பது விக்ரமனின் முகத்திலேயே எழுதியிருந்தது.

நப்ரீஸ் இந்தக் குழுவுக்குப் புதியவன். வழக்கமாக இந்த இடத்தில் நிற்பவருக்குக் காய்ச்சல் என்று அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனுடைய வேலை இதுதான்: மண்டபத்தில் இருப்பவர்கள் கேட்பது ஒரு கலவை, பாடுகிறவர் கேட்பது வேறொரு கலவை. பாடகியின் இரண்டு காதுகளையும் சிறிய கருவிகள் இறுக்கமாக அடைத்திருக்கும். அவற்றுக்குள் எது போகவேண்டும், எவ்வளவு போகவேண்டும் என்பது நப்ரீஸின் கையில். ஒரே பாட்டு, இரண்டு உலகம். இந்த வேலையில் அவனுக்குப் பிடித்ததே அதுதான்.

ஆனால் காதை அப்படி அடைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே வராது. சொந்த மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். பயந்துபோனவருக்கு அது புயல் மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டே மூச்சு இன்னும் வேகமாகும்.

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கீபோர்ட் போகிறது. தாளம் போகிறது. அவளுடைய மைக் சரி. பெட்டரி சரி.

ஒரே ஒரு சேனல் மட்டும் சிவப்பாக இருந்தது. அதை மூடியவன் அவன்தான்.

பிற்பகல் ஒத்திகைக்கு ஸ்ரீஜா வரவில்லை. வருவதேயில்லையாம். அப்போது அந்தச் சேனலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த டேப்பில் 'சாரதி' என்று எழுதியிருந்தது. நப்ரீஸ் வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தான். மேடைக்குப் பின்னால், கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் வேனை ஓட்டி வந்த பழனிமுத்து, ஒரு காதில் இயர்போனும் மடியில் மைக்குமாக அரைத்தூக்கத்தில் இருந்தார். வேன் வாசலுக்கு வந்துவிட்டது என்று சொல்வதற்காக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். யாரும் பாடாத மைக்கைத் திறந்து வைக்கக்கூடாது. இந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். மூடிவிட்டான்.

இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தான்.

"மட்டக்குளி, மோதர, கொட்டாஞ்சேனை! நகின்ன, நகின்ன! ஏறுங்க, ஏறுங்க! பின்னுக்கு எடம் இருக்கு, நடங்க!"

பஸ் கண்டக்டரின் குரல். நப்ரீஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

ஸ்ரீஜாவின் தோள்கள் இறங்கின.

விரல் காதை விட்டு விலகியது. முன்னிசை மீண்டும் சுற்றி வந்து முடிந்த இடத்தில், அவள் மூச்சை இழுத்துப் பாடத் தொடங்கினாள். விக்ரமன் அங்கிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நப்ரீஸ் ஹெட்போனைக் கழற்றவில்லை. பழனிமுத்து பாட்டின் மேல் கதைக்கவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மட்டும், மெதுவாக: "ஆமர் வீதி." அவள் மூச்செடுத்தாள். ஒரு வரி. "மருதானை." மூச்சு. இன்னொரு வரி.

ஒவ்வொரு பஸ் தரிப்பும் ஒரு மூச்சு! வரி நீண்ட இடத்தில் பஸ் எங்கும் நிற்காமல் ஓடியது. பாட்டு வேகமெடுத்த இடத்தில் தரிப்புகள் நெருங்கி நெருங்கி வந்தன. நப்ரீஸ் இப்படியொரு ஏற்பாட்டை எங்கேயும் பார்த்ததில்லை. சாரதி ஒருவருக்குத் தரிப்புகள் எல்லாம் தெரிந்திருக்கலாம். ஆனால் இவளுக்கு எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்பது இவருக்கு எப்படித் தெரிந்தது?

"வெள்ளவத்தை. பஹின்ன, எறங்குங்க."

பாட்டு முடிந்தது. மண்டபம் எழுந்து நின்றது.

அறிவிப்பாளர் மேனகா சிரித்தபடி மேடைக்கு வந்தாள்.

"ஸ்ரீஜாட அப்பா லண்டன்ல பெரிய டொக்டர். இந்த நிமிஷம் அங்க இருந்து லைவ்ல பாத்துக்கிட்டு இருக்கிறார். அங்கிளுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க பார்ப்பம்!"

அறிவிப்பாளர் பேசும்போது பாடகியின் மைக்கை மண்டபத்துக்குப் போகாமல் நிறுத்திவிடுவார்கள். நப்ரீஸின் பக்கம் அது திறந்தேதான் இருக்கும்.

கைதட்டல் எழுந்தது. ஸ்ரீஜா சபைக்கு முதுகைக் காட்டி, தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்தாள். கையிலிருந்த மைக் உதட்டருகே வந்தது.

"அப்பா, எங்க போனீங்க?"

நப்ரீஸின் விரல் 'சாரதி' என்ற டேப்பின் மேல் நின்றது.

கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து, மின்விசிறிச் சத்தத்தோடு பழனிமுத்துவின் குரல் வந்தது.

"பஸ்ஸு கொஞ்சம் லேட்டாகிருச்சு மகள். ஏறிக்கங்க."