மூன்றாவது மாடியில் கோழி

"ஒரு பிடியா? ஒரு பிடின்னா யார் பிடி? உன் பிடியா, என் பிடியா?"

மூன்றாவது மாடியில் எழுந்த கேள்விக்கு முதல் மாடியில் மிக்ஸி நின்றது.

அவர் கையில் ஒரு பழைய ஊறுகாய் ஜாடி. உள்ளே பாதிக்குக் குருணை அரிசி.

கஸ்தூரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். அவர் குரலை உயர்த்தினால் அவள் கீரை உருவுவாள்.

"சொல்லுடி. மூணு மாசமாவா?"

"நாலு."

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

காற்றுக்காக இருக்கும்.

தை பிறந்ததும் சோற்றை விட்டவர் அவர். இட்லி, தோசை, சர்க்கரை, எல்லாம் போயிற்று. முட்டை, பனீர், தேங்காய், கீரை. மதியத்துக்கு மட்டும் காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வேகவைத்து, அதற்குச் சாதம் என்று பெயர்.

மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் கூட்டும் பொரியலும் மட்டும் போட்ட இலையோடு உட்கார்ந்திருந்தார். சோற்று வாளி மூன்று முறை வந்து திரும்பியது. நான்காவது முறை சமையல்காரரே வந்து, "ஐயாவுக்கு ஏதும் மனத்தாங்கலா?" என்று கேட்டுவிட்டார். மச்சினன் இரண்டு மாதம் பேசவில்லை.

அவர் அசரவில்லை.

லிஃப்டில் மாட்டியவர்களுக்கெல்லாம் பேலியோ வகுப்பு எடுத்தார். பாதிப் பேர் படியில் இறங்கப் பழகிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேருக்கு எடைகூடக் குறைந்தது.

"கஸ்தூரி கைக் காலிஃபிளவர் இருக்கே, அசல் சோறு தோத்துடும்" என்று வேறு பெருமை.

தோற்காமல் என்ன செய்யும்.

டாக்டர் கெடு வைத்திருந்தார். சுகரின் மூன்று மாதச் சராசரி ஏழுக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் இன்சுலின் ஊசி. அவரும் சரியென்று கைகொடுத்துவிட்டு வந்தார்.

ரிசல்ட் வந்தது. ஒன்பது புள்ளி ஒன்று.

"சோத்த விட்டா சுகர் உங்கள விட்டுடுமா சார்?" டாக்டர் சிரித்தார். திங்கட்கிழமையிலிருந்து ஊசி என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தன் உடம்பே தன்னைக் கைவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நாலு நாள் லிஃப்டில் வாயே திறக்கவில்லை.

இன்று சனிக்கிழமை. முட்டை வாங்கப் போனார். கடை அண்ணாச்சி ஒரு பொட்டலத்தைச் சேர்த்து வைத்தார்.

"அம்மா கேட்ட குருணை வந்துருச்சு சார். ஏன் சார், மூணாவது மாடியில கோழி வளக்க அசோசியேஷன்ல விடுறாங்களா?"

துருவிய காலிஃபிளவரும் வெந்த குருணையும் ஒரே நிறம். ஒரே அளவு. கண்ணுக்குத் தெரியாது.

நாக்குக்குத் தெரிந்திருக்கும். அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

"பாத்ரூம்ல விழுந்து கெடந்தீங்களே." கஸ்தூரி இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "சோத்த விட்ட பத்தாம் நாளு. சுகர் ஒரேயடியா எறங்கி. எதிர்வீட்டுக்காரங்களக் கூப்ட்டுத் தாழ்ப்பாள ஒடச்சுல்ல தூக்குனோம். டாக்டர் மாத்திரையக் குறைக்க மாட்டேன்னாரு. நீங்க ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்னீங்க. நடுவுல நான் என்ன செய்ய?"

அவருக்கு அதில் ஒன்றும் காதில் விழவில்லை. டாக்டர் என்ற சொல் மட்டும் விழுந்தது.

"டாக்டருக்குத் தெரியுமா?"

கீரை உருவிய கை நின்றது.

"அவருதான் சொன்னாரு. தெரியாமக் கலந்து போடுங்கன்னு."

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. சார் சார் என்று எத்தனை சார்.

ஜாடி உடையும் என்று எதிர்வீடு காத்திருந்தது. உடையவில்லை. அவர் அதை மேடைமேல் வைத்தார். மூடியை இறுகத் திருகினார்.

மறுநாளிலிருந்து தன் காலிஃபிளவரைத் தானே துருவிக்கொண்டார். உதவ வந்தவளிடம், "கைய எடு" என்றார்.

கஸ்தூரி எடுத்துக்கொண்டாள்.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் வெயிலில் அலைந்துவிட்டு வந்தவருக்குத் தண்ணீர் மொண்டு நீட்டினாள். அவர் டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு குடித்தார்.

ஆனி மாதம் அவள் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போனாள். பேரனைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லிக்கொண்டாள். பேரனுக்குப் பன்னிரண்டு வயது.

இன்னும் வரவில்லை.

அவர் டாக்டரை மாற்றினார். புது டாக்டர் ஊசி வேண்டாம் என்றார், மாத்திரையைப் பாதியாக்கினார். அடுத்த ரிசல்ட் ஆறு புள்ளி மூன்று. அதை லிஃப்டில் எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா சார்?" என்று ஒரு குரல் கேட்டது.

அவர் இரண்டாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

கார்பென்டர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது.

காலையில் அவர் குளிக்கிற அந்தப் பத்து நிமிஷம், அவர் வீட்டு வாசல் கதவும் ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது.

காற்றுக்காக இருக்கும்.