பாதிரியார் பார்த்த நூறு

செவ்வாய்க்கிழமை மதியம், கணவர் சிரில் பர்மிங்ஹாமில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, மெக்கானிக் லயனல் ஹில்டாவின் வீட்டுக்குள் பக்கவாட்டுக் கேட் வழியாக நுழைந்தான். மூன்று மணி நேரம் கழித்துச் சட்டை கசங்கி, தலை கலைந்து வெளியே வந்தான். அதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திரை ஐந்து முறை விலகி மூடிவிட்டது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே லயனல். சிரிலுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்."

"நான் ஏன் சொல்லப் போறேன், மிசஸ் ராக்? என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா எனக்கு எலும்பே ஒடிஞ்சிடும்."

தெரு நினைத்தது வேறு. நடந்தது, கார் ஷெட்டில். சிரிலின் ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் லயனல் படுத்துக்கொண்டு பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரப் பெட்டியை, அதாவது டிஃபரன்ஷியலை, மாற்ற, ஹில்டா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சிரிலுக்கு அறுபத்தாறு வயதில் ஒரே ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை பழைய விமான ஓடுபாதையில் கார் கிளப்பின் வேக நாள். பக்கத்து சீட்டில் பாதிரியார் உட்கார்ந்து மீட்டரைப் பார்ப்பார். முள் மணிக்கு நூறு மைலைத் தொட்டது என்று அவர் சொல்லிவிட்டால் போதும், பப் சுவரில் தொங்கும் பலகையில் பெயர் ஏறிவிடும்.

ஆறு மாதமாக சிரில் அந்தப் பலகையில் தன் பெயருக்கு இடம் பார்த்து, விரலால் தொட்டுக் காட்டி, வாய்ச்சவடால் அடித்துக்கொண்டிருந்தார். ஓடுபாதை முடிகிற இடத்தில் முள்வேலி. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் தோள்பட்டையை அங்கே உடைத்துக்கொண்டதை ஹில்டா மறக்கவில்லை.

வழி சொன்னவன் லயனல்தான். மேடேறும் கார் போட்டிக்கென்று சிரில் இன்னொரு பெட்டி வாங்கி, ஷெட் அலமாரியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசமெல்லாம் உள்ளே, பற்களில்.

"வண்டில இருக்கற பெட்டிக்கு, சக்கரம் ஒரு சுத்து சுத்த, இன்ஜின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் மூணரை சுத்து சுத்தும். அலமாரில இருக்கறதுக்கு நாலு சுத்துக்கு மேல வேணும். கிளம்பும்போது பூனை மாதிரி பாயும், வேகம் ஏறினா இன்ஜின் கத்தித் தீர்த்துடும். மீட்டர் எண்ணறது ஷாஃப்ட்டை, சக்கரத்தை இல்ல. அதனால முள்ளு நூறு காட்டும்போது வண்டி எண்பத்து நாலுதான் போகும்."

"வேலிக்கு முன்னாடி நின்னுடுமா?"

"நடுவுல ஒரு டீ குடிச்சிட்டே நிக்கலாம்."

கழற்றிய பெட்டி அலமாரிக்குப் போய் அதே சாக்கைப் போர்த்திக்கொண்டது. சந்தேகம் வரக் கூடாதே என்று வாக்யூம் கிளீனர் பையைப் பிரித்து ஹில்டாவே அதன்மேல் தூசியைத் தூவினாள். நாற்பது வருடமாகத் தூசி தட்டிய கை. தூவியது இதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை மாதர் சங்கத்தில் ஜாம் கிண்டிவிட்டுத் திரும்பினால், சிரில் விரல் முட்டியில் கட்டோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரோஜாச் செடி," என்றார். இந்த அப்பாவியையா ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சு உறுத்த, ஆப்பிள் புட்டிங்கில் இன்னொரு கரண்டி அள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லயனல் ஓடுபாதைப் பக்கமே தலைகாட்டவில்லை. பாதிரியார் முகத்தில் விழிக்கப் பயம். ஹில்டா மட்டும் டீக் கூடாரத்தில், காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றாள். வண்டி என்னவோ சோம்பலாகத்தான் கிளம்பியது. வேகமெடுத்த பிறகும் கத்தலைக் காணோம், ஒரே சீரான உறுமல். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் கார் முள்வேலியை மோந்து பார்த்துவிட்டு நின்றது. பாதிரியார் ஆம்ப்ரோஸ் சுண்ணாம்பாய் வெளுத்த முகத்தோடு இறங்கினார்.

"நூறு," என்றார். "இன்னொரு தடவை கூப்பிட்டா நான் வரமாட்டேன்."

அன்று சாயங்காலம் சமையலறையில், சிரில் டீக் கோப்பையையே பார்த்தபடி சொன்னார். "நாளைக்குப் பலகைல பேர் எழுத வர்றாங்களாம். நீயும் வந்து நிக்கணும் ஹில்டா."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"எழுத வேண்டாம் சிரில். அது நூறு இல்ல, எண்பத்து நாலு. செவ்வாய்க்கிழமை நானும் லயனலும் பெட்டியை மாத்திட்டோம். நீ அந்த வேலில போய் விழுந்துடுவியோன்னு பயம். அலமாரில தூசி போட்டதுகூட நான்தான்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். சிரில் கோப்பையைச் சாஸரில் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமையா?"

"ஆமா. மன்னிச்சுடு சிரில்."

"பயந்தது நீ மட்டும் இல்ல. ஊர் பூரா வாயை விட்டுட்டேனே, எப்படி ஜகா வாங்கறது? வியாழக்கிழமை நீ ஜாம் கிண்டப் போனப்ப, அலமாரில தூசியோட கிடந்த பெட்டியை எடுத்து நானும் வண்டில மாட்டினேன். எண்பத்து நாலுதானே போறோம்னு கண்ணை மூடிட்டு மிதிச்சேன்."

"அலமாரில இருந்தது நாங்க வண்டிலேர்ந்து கழட்டிப் போட்ட பெட்டியாச்சே!" என்றாள் ஹில்டா. சிரில் மெல்ல மேஜை விளிம்பைப் பற்றினார்.

"ஹில்டா... என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. அது நிஜ நூறு."