விருந்தாளி நாற்காலி

புத்தகத் தள்ளுவண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டக் குனிகிறேன். இப்போதுதான் இந்தப் பண்ணை வீட்டில் ஒரு நாவல் விற்றேன். “நம்ம ஃப்ரீசியன்லயா? அது பேசற பாஷையாச்சே!” என்று சிரித்துக்கொண்டே வாங்கிய ரின்ஸ்கே, கால்வாயில் பட்டுத் திரும்பும் சாயங்கால வெளிச்சத்தில், திறந்திருக்கும் சமையலறை ஜன்னலோரம் நின்று முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கிறார். இந்த மொழியை எழுத்தில் பார்த்துப் பழக்கமில்லை, காதால் கேட்டால்தான் அவருக்கே பிடிபடுகிறது. நெதர்லாந்தின் இந்த வடகோடியில் நாங்கள் பேசுவதுதான் ஃப்ரீசியன்; பள்ளிக்கூடம், பைபிள், கடிதம் எல்லாமே எங்களுக்கு டச்சு மொழியில்தான். மாட்டுக்கொட்டிலிலிருந்து அவர் கணவர் யோரிட் வருகிறார். வாசலில் மரச்செருப்பைக் கழற்றுகிறார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்கிறார், தலைமுடியை நீவிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார். “யாரு வந்திருக்கா?” “யாருமில்லையே.” “பேசிக்கிட்டிருந்தியே?” “படிச்சிட்டிருந்தேங்க.” ரின்ஸ்கே புத்தகத்தைத் திருப்பிக் காட்டுகிறார். அடுப்பில் கெண்டி முனகுகிறது. யோரிட் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறார். “இப்படி எழுதலாம்னு அப்பவே தெரியாம போச்சே. கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு டச்சுல எழுதின கடுதாசியெல்லாம் வாத்தியார் எழுதின மாதிரி இருந்திருக்கும், இல்ல?” “ஆமா,” என்கிறார் ரின்ஸ்கே, பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நான்தான் ஒவ்வொண்ணையும் நம்ம பேச்சுல, உங்க குரல்ல மாத்தி மாத்திப் படிச்சுக்கிட்டேன்.”